இறந்த பின் ஜெயித்த குத்துச்சண்டை வீரர்!

1970-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி. அமெரிக்கா, கனடா, ஐரோப்பா ஆகிய இடங்களில் சுமார் 1,500 கொட்டகைகளில் ஒரு குத்துச்சண்டை திரையில் காட்டப்பட்டது. மோதியவர்கள் இருவரும் சாமான்யர்கள் அல்ல. இருவருமே உலக ஹெவிவெயிட் சாம்பியன் பட்டம் பெற்றவர்கள். தொழில்முறைச் சண்டையில் இருவருமே அதுவரை தோல்வி கண்டதில்லை. ஒருவர் முகம்மது அலி. மற்றவர் ராக்கி மார்சியானோ.

அமெரிக்க ரசிகர்கள் பார்த்த படத்தில், 13-வது ரவுண்டில் அலி அடிபட்டு விழுந்தார். மார்சியானோ ஜெயித்தார்.

ஆனால் ஜெயித்தவர் அப்போது உயிரோடு இல்லை! அவர் விமான விபத்தில் மாண்டு ஏறக்குறைய ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன.

அது நிஜச் சண்டை அல்ல. கம்ப்யூட்டர் சொன்ன முடிவைக் கொண்டு எடுக்கப்பட்ட படம். அந்தக் காலத்து வீரரும் இந்தக் காலத்து வீரரும் மோதினால் யார் ஜெயிப்பார் என்ற வாதம் எந்த விளையாட்டிலும் உண்டு. குத்துச்சண்டையில் அந்த வாதம் கிளம்பினால் மார்சியானோவின் பெயர் அடிபடாமல் இருப்பதில்லை. காரணம், அவரது கணக்கு அப்படி. 49 சண்டைகள். 49 வெற்றிகள். அவற்றில் 43 சண்டைகளில் எதிரி கடைசி மணி அடிக்கும்வரை நிற்கவில்லை. தோல்வி ஒன்றுகூட இல்லை, சமம்கூட இல்லை. ஹெவிவெயிட் சாம்பியன்களில் தோல்வியே இல்லாமல் மேடையேறி, தோல்வியே இல்லாமல் ஓய்வுபெற்ற முதல் மனிதர் அவர்தான்.

இத்தனைக்கும் அவர் பிறவியிலேயே பெரிய வீரராகப் பிறந்தவர் அல்ல.

செருப்புத் தொழிலாளியின் மகன்

மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் என்று ஒரு ஊர். காலணித் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே 1923-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி ராக்கி பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ராக்கோ பிரான்சிஸ் மார்க்கெஜியானோ. பெற்றோர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள். ஆறு குழந்தைகளில் இவர்தான் மூத்தவர்.

தகப்பனார் பியரினோ முதல் உலக யுத்தத்தில் போரிட்டவர். போர்க்களத்தில் விஷ வாயுவால் பாதிக்கப்பட்டு, உடல் நலிந்து திரும்பினார். பிறகு காலணித் தொழிற்சாலையில் இயந்திரத்தோடு மல்லாடியே காலத்தைக் கழித்தார். அந்தப் பிழைப்பைப் பார்த்து வளர்ந்த மகனுக்கு ஒரே ஒரு வைராக்கியம். எந்த வேலை செய்தாலும் செய்வது; காலணித் தொழிற்சாலைக்குள் மட்டும் அடைபடுவதில்லை!

ராக்கி ஒன்றரை வயதுக் குழந்தையாக இருந்தபோது நிமோனியா காய்ச்சல் வந்தது. பிழைப்பதே அரிது என்ற நிலை. அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் உலகத்திலேயே களைப்பறியாத குத்துச்சண்டை வீரராக விளங்கியது.

படிப்பு உயர்நிலைப் பள்ளியோடு நின்றது. ஐஸ் கட்டியும் நிலக்கரியும் சுமந்தார். பள்ளம் தோண்டினார். ரெயில் பாதை போடும் வேலைக்குப் போனார். வேண்டாம் என்று நினைத்த காலணி வேலையும் கொஞ்ச நாள் செய்யவேண்டி வந்தது. ஆனால் மனம் முழுவதும் பேஸ்பால் ஆட்டத்தில் இருந்தது.

1943-ல் ராணுவத்தில் சேர்க்கப்பட்டார். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் சில காலம் இருந்தார். ராணுவத்தில் இருக்கும்போதுதான் அவர் குத்துச்சண்டையில் முறையாக இறங்கினார். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர், 1947-ல் சிகாகோ கப்ஸ் என்ற பெரிய பேஸ்பால் குழுவின் தேர்வுக்குப் போனார். சில வாரங்கள் ஆட விட்டுப் பார்த்தார்கள். பந்தைத் தூர வீசும் கை வலு போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எந்தக் கைக்கு வலு போதாது என்றார்களோ, அந்தக் கையின் குத்து ஒன்று போதும், மலை போன்ற மனிதர்களும் சாய்ந்தார்கள்!

குள்ளக் கை, கோணல் கால்

குத்துச்சண்டைக்கும் அவர் உடல் வாகானது அல்ல. உயரம் 5 அடி 10 அங்குலத்துக்குச் சற்று மேல். எடை சுமார் 185 ராத்தல். அதாவது 84 கிலோ. கைகளை விரித்தால் சுமார் 68 அங்குலம். முகம்மது அலிக்கோ இது 78 அங்குலம். கை நீளம் குறைந்தவன் எட்ட நின்று அடிக்க முடியாது. அடிபட்டுக்கொண்டேதான் எதிரியின் அருகே போகவேண்டும். அதிலும் சண்டை பழக ஆரம்பித்தபோது அவருக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது.

நியூயார்க்கில் சார்லி கோல்டுமன் என்று ஒரு கிழப் பயிற்சியாளர். குள்ளமான மனிதர். அந்தக் காலத்தில் தாமே நூற்றுக்கணக்கான சண்டைகள் போட்டவர். ராக்கி மேடையில் நின்ற தோரணையைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். கால்களை அகலப் பரப்பிக்கொண்டு நின்றார். குத்து குறி தவறினால் கூடவே உடம்பும் தடுமாறியது. ஆனால் குத்தில் இருந்த வேகத்தை அந்தக் கிழவர் கண்டுகொண்டார்.

கோல்டுமன் கெட்டிக்காரர். உள்ளதைக் கெடுக்கவில்லை. குட்டை ஆளை நெட்டை ஆளாகச் சண்டையிடச் சொல்லவில்லை. இன்னும் குனி என்றார். குனிந்தபடியே உள்ளே புகுந்து அடிக்கக் கற்றுக்கொடுத்தார். கால்கள் அகலாமல் இருக்க இரண்டு காலையும் கயிற்றால் பிணைத்துப் பழக்கினார். இடது கை பலப்பட வேண்டும் என்று தனிப் பயிற்சி தந்தார். ராக்கி நீச்சல் குளத்தில் இறங்கி, தண்ணீருக்குள்ளேயே குத்திக் குத்திப் பழகினார். நாள் தவறாமல் மைல் கணக்கில் ஓடினார். சாப்பாட்டுப் பிரியரான அவர், சண்டை நெருங்கினால் வயிற்றைக் கட்டினார். வீட்டை மறந்தார். முகாமே கதியாகக் கிடந்தார்.

பெயர் மாறியதும் இந்தக் காலத்தில்தான். மார்க்கெஜியானோ என்ற பெயர் அறிவிப்பாளர் வாயில் நுழையவில்லை. அதைச் சுருக்கி மார்சியானோ ஆக்கினார்கள்.

அவர் தோல்வியே கண்டதில்லை என்பது தொழில்முறைச் சண்டைகளைப் பற்றிய கணக்கு. அதற்கு முந்தைய அமெச்சூர் சண்டைகளில் அவர் தோற்றதுண்டு. 1948-ல் நியூயார்க்கில் அவரைத் தோற்கடித்தவர் கோலி வாலஸ் என்ற வீரர். அந்த வாலஸ் பிற்பாடு சினிமாவில் ஜோ லூயிஸ் வேடத்தில் நடித்தார்! அந்த ஆண்டு முதல் ராக்கி தொழில்முறையில் முழுமூச்சாக இறங்கினார். அதன் பிறகு அவரைத் தோற்கடிக்க ஆள் பிறக்கவில்லை. முதல் 16 சண்டைகளும் நாக் அவுட்.

ஓர் இரவின் பாரம்

1949-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி அவர் வாழ்க்கையில் மறக்க முடியாத நாள். நியூயார்க் மாடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் கார்மைன் விங்கோ என்ற இளைஞருடன் மோதினார். ஆறாவது ரவுண்டில் விங்கோ விழுந்தார். விழுந்தவர் கண் விழிக்கவில்லை. மூளையில் அடி. ஆஸ்பத்திரியில் உயிர் ஊசலாடியது.

வெற்றி பெற்ற ராக்கி மகிழ்ச்சியை மறந்தார். எதிரி பிழைக்க வேண்டுமே என்று தவித்தார். வைத்தியச் செலவுக்குப் பணம் கொடுத்தார். விங்கோ பிழைத்துக்கொண்டார். ஆனால் மீண்டும் மேடையேறவில்லை. பின்னாளில் இருவரும் நண்பர்களானார்கள். யார் யாரை ஜெயிப்பார் என்று வாதம் செய்கிறவர்கள் எல்லாரும் நினைவில் வைக்கவேண்டிய சம்பவம் இது. அந்த வாதத்தில் குத்துகள் வலிப்பதில்லை. மேடையில் வலிக்கும்.

நிஜமாகவே நடந்த மோதல்

இரண்டு காலங்களின் வீரர்கள் மோதினால் என்ன ஆகும்? மார்சியானோவின் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு மோதல் நிஜமாக நடந்தது.

ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை உலக சாம்பியனாக இருந்தவர். 25 முறை பட்டத்தைக் காப்பாற்றியவர். யுத்த காலத்தில் இரண்டு சண்டைகளில் கிடைத்த பணத்தை ராணுவ, கடற்படை நிதிகளுக்கே கொடுத்தவர். ராக்கி சிறுவனாக இருந்தபோது லூயிஸ்தான் அமெரிக்கச் சிறுவர்களின் தெய்வம். ராக்கிக்கும் அவர்தான் தெய்வம்.

ஓய்வுபெற்ற லூயிஸை வருமான வரிப் பாக்கி துரத்தியது. வேறு வழி இல்லாமல் மீண்டும் கையுறையை மாட்டினார். 1951-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி, அதே மாடிசன் சதுக்கத் தோட்டத்தில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். லூயிஸுக்கு வயது 37. ராக்கிக்கு 28. லூயிஸ் சுமார் 25 ராத்தல் கூடுதல் எடை. உயரமும் அதிகம். கையும் நீளம். ஆனால் கால்கள் பழைய கால்கள் அல்ல.

எட்டாவது ரவுண்டில் ராக்கியின் இடது கைக் குத்தில் லூயிஸ் விழுந்தார். எழுந்தார். மறுபடியும் இடது. பிறகு வலது. லூயிஸ் கயிறுகளுக்கு ஊடே சரிந்து மேடை விளிம்பில் மல்லாந்தார். நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார். அரங்கத்தில் பலர் கண்ணீர் விட்டார்கள். ஜெயித்த ராக்கியும் லூயிஸின் அறைக்குப் போய் அழுதார்.

அது லூயிஸின் கடைசிச் சண்டை.

அந்த வெற்றியினால் ராக்கி லூயிஸைவிடப் பெரியவர் என்று ஆகிவிட்டதா? அப்படிச் சொன்னவர் எவரும் இல்லை. அழுத ராக்கியே சொல்லியிருக்க மாட்டார். அன்று லூயிஸை ஜெயித்ததில் பாதி ராக்கி, பாதி காலம்.

13-வது ரவுண்டு

1952-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி. இடம் பிலடெல்பியா. சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட். வயது 38. தந்திரங்கள் நிறைந்த பழைய புலி.

முதல் ரவுண்டிலேயே வால்காட்டின் இடது கைக் குத்தில் ராக்கி தரையில் விழுந்தார். தொழில்முறையில் அவர் கீழே விழுந்தது அதுதான் முதல் தடவை. நடுவே சில ரவுண்டுகளில் கண்ணில் ஏதோ மருந்து பட்டு எரிச்சல். எதிரியே சரியாகத் தெரியவில்லை. 12 ரவுண்டுகள் முடிந்தன. மூன்று தீர்ப்பாளர்களின் கணக்கிலும் வால்காட்டே முன்னணியில் இருந்தார். இன்னும் மூன்று ரவுண்டுகள் ஓடினால் போதும். பட்டம் அவருக்கே.

13-வது ரவுண்டு துவங்கியது. வால்காட் கயிற்றோரம் நகர்ந்தார். இருவருமே வலது கையை ஓங்கினார்கள். ராக்கியின் குத்து ஓர் அடி தூரம்கூடப் பயணம் செய்திருக்காது. வால்காட்டின் தாடையில் இறங்கியது. ஒரு கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, சாம்பியன் மெல்லச் சரிந்து மண்டியிட்டு முகம் கவிழ்ந்தார். எழவில்லை.

செருப்புத் தொழிலாளியின் மகன் உலக சாம்பியன் ஆனார்!

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. அந்தக் காலத்தில் பட்டச் சண்டைக்கு 15 ரவுண்டுகள். 1982-ல் ஒரு கொரிய வீரர் சண்டையில் அடிபட்டு இறந்த பிறகு, அது படிப்படியாக 12 ஆகக் குறைக்கப்பட்டது. இன்றைய விதிப்படி பார்த்தால், பிலடெல்பியாவில் 13-வது ரவுண்டே கிடையாது. வால்காட் பாயிண்டுக் கணக்கில் ஜெயித்திருப்பார். மார்சியானோ தோற்றிருப்பார்!

அதே சமயம், இன்றைய விதி அவருக்குத் தெரிந்திருந்தால் 12-வது ரவுண்டுக்குள்ளேயே வேகத்தைக் கூட்டியிருக்க மாட்டாரா? விதி மாறினால் ஆட்டம் மாறுகிறது. ஆட்டம் மாறினால் ஆளும் மாறுகிறான்.

ரத்தம் சொட்டிய மூக்கு

மறு சண்டையில் வால்காட் முதல் ரவுண்டையே தாண்டவில்லை. பட்டத்தை ராக்கி ஆறு முறை காப்பாற்றினார். அவற்றில் எஸ்ஸார்டு சார்லஸுடன் நடந்த இரண்டு சண்டைகள் பயங்கரமானவை. 1954 ஜூனில் 15 ரவுண்டுகளும் நடந்தன. ராக்கி பட்டம் பெற்ற பிறகு கடைசிவரை நின்ற ஒரே எதிரி சார்லஸ்தான். செப்டம்பரில் நடந்த இரண்டாவது சண்டையில் ராக்கியின் மூக்கு நுனி பிளந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. சண்டையை நிறுத்திவிடுவார்கள் என்ற நிலை. நிறுத்தினால் பட்டம் போய்விடும். எட்டாவது ரவுண்டில் பாய்ந்து சார்லஸை வீழ்த்தினார்.

கடைசிச் சண்டை 1955 செப்டம்பர் 21-ல், நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில். 61 ஆயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். எதிரி ஆர்ச்சி மூர். அவருக்கு வயது 38 என்பார். 41 என்பாரும் உண்டு. இரண்டாவது ரவுண்டில் ராக்கியைக் கீழே தள்ளினார் மூர். ஒன்பதாவது ரவுண்டில் மூர் விழுந்து எழவில்லை.

1956-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி மார்சியானோ ஓய்வை அறிவித்தார். வயது 32. குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்றார். முதுகு வலியும் இருந்தது. 1959-ல் ஒருமுறை திரும்பி வரும் ஆசை தலைகாட்டியது. சில வாரம் ரகசியமாகப் பயிற்சி செய்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

அவருக்குச் சில விநோத குணங்களும் இருந்தன. பாங்கிகளை நம்பமாட்டார். காசோலை என்றால் பிடிக்காது. ரொக்கமாகவே வாங்குவார். அதை எங்கெங்கோ ஒளித்து வைப்பார். அவர் இறந்த பிறகு குடும்பத்தார் தேடினார்கள். பெரும் பகுதி கிடைக்கவே இல்லை. ஏழ்மையில் பிறந்தவருக்கு ஏழ்மை பற்றிய பயம் கடைசிவரை போகவில்லை.

கம்ப்யூட்டர் சொன்ன தீர்ப்பு

1967-ல் மியாமி நகரத்தைச் சேர்ந்த மர்ரே வொரோனர் என்ற ரேடியோ தயாரிப்பாளருக்கு ஒரு யோசனை. பழைய சாம்பியன்களையும் புதிய சாம்பியன்களையும் மோதவிட்டால் என்ன? 16 சாம்பியன்களின் விவரங்களைத் திரட்டினார். நிபுணர்களிடம் அபிப்பிராயம் கேட்டார். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அது சொன்ன முடிவை ரேடியோவில் நேர்முக வர்ணனைபோல் ஒலிபரப்பினார். ஜனங்கள் ஆவலோடு கேட்டார்கள். இறுதிச் சண்டையில் ஜாக் டெம்ப்சியை மார்சியானோ ஜெயித்ததாக யந்திரம் சொன்னது.

அதே போட்டியில், பழைய காலத்து ஜிம் ஜெப்ரீஸிடம் முகம்மது அலி தோற்றதாகவும் அது சொன்னது. அலிக்குக் கோபம் வந்துவிட்டது. 1980-ல் சென்னைக்கு வந்து காட்சிச் சண்டை போட்டாரே, அதே அலிதான். வியத்நாம் யுத்தத்துக்காக ராணுவத்தில் சேர மறுத்ததால் பட்டம் பறிக்கப்பட்டு, மேடையேற முடியாமல் இருந்த காலம் அது. தம் பெயரைக் கெடுத்ததாக 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கடைசியில் சமரசம் ஆயிற்று. அலியும் மார்சியானோவும் மோதுவதுபோல் படம் எடுக்க ஏற்பாடாயிற்று.

1969-ல் மியாமியில் ரகசியமாகப் படப்பிடிப்பு நடந்தது. அலிக்கு வயது 27. மார்சியானோவுக்கு 45. தொப்பை விழுந்திருந்தது. தலையில் வழுக்கை. அந்த வயதிலும் பழைய வைராக்கியம் வந்துவிட்டது. ஏறக்குறைய 50 ராத்தல் எடையைக் குறைத்தார். வழுக்கையை மறைக்க டோப்பா வைத்துக்கொண்டார். இருவரும் ஒவ்வொரு நிமிஷமாக 70-க்கு மேற்பட்ட ரவுண்டுகள் மோதினார்கள். பெரும்பாலும் பொய்க் குத்துதான். சில வயிற்றுக் குத்துகள் நிஜமாகவும் விழுந்தன. அலி ஜெயிப்பதுபோல், மார்சியானோ ஜெயிப்பதுபோல் என்று பல முடிவுகளைப் படம் பிடித்தார்கள். எது காட்டப்படும் என்று நடித்த இருவருக்கும் தெரியாது.

1969 ஆகஸ்டு 31-ந் தேதி இரவு, சிகாகோவிலிருந்து ஒரு சிறு விமானத்தில் மார்சியானோ புறப்பட்டார். வானிலை மோசம். அயோவா மாநிலத்தில் நியூட்டன் என்ற ஊருக்கு அருகே விமானம் ஒரு மரத்தில் மோதி நொறுங்கியது. விமானி உட்பட மூவரும் மாண்டார்கள். மறுநாள் மார்சியானோவுக்கு 46-வது பிறந்த நாள். கம்ப்யூட்டரின் தீர்ப்பு தெரியாமலேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

யார் பெரியவர்?

மார்சியானோ எதிர்த்த வீரர்கள் கிழவர்கள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். லூயிஸுக்கு 37, வால்காட்டுக்கு 38 என்று கணக்குக் காட்டுவார்கள். அது பொய் அல்ல. இன்றைய ஹெவிவெயிட் வீரர்களில் ஆறே முக்கால் அடி உயரமும் 250 ராத்தலுக்கு மேல் எடையும் உள்ளவர்கள் உண்டு. மார்சியானோவின் 185 ராத்தலுக்கு இன்று அவரை ஹெவிவெயிட் பிரிவிலேயே சேர்க்கமாட்டார்கள். அதற்குக் கீழே உள்ள குரூசர்வெயிட் பிரிவுதான் அவருக்கு. இதுவும் உண்மை.

ஆனால் உயரத்தையும் எடையையும் யந்திரத்தில் ஏற்றலாம். பிளந்த மூக்கோடு பாய்ந்த ஆத்திரத்தை எப்படி ஏற்றுவது? தோற்கப் போகிறோம் என்று தெரிந்தும் 13-வது ரவுண்டில் தளராத நெஞ்சை எந்த எண்ணால் குறிப்பது? எதிரியை வீழ்த்திவிட்டு அவனுக்காக அழுத கண்ணீருக்கு என்ன மதிப்பெண்?

காலம் கடந்த மோதல்கள் நிஜ மேடையில் நடந்தபோதெல்லாம் முடிவு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறது. 1951-ல் லூயிஸை இளைய மார்சியானோ வீழ்த்தினார். 1980-ல் 38 வயது அலியை லாரி ஹோம்ஸ் வீழ்த்தினார். 1988-ல் அதே 38 வயதில் ஹோம்ஸை 21 வயது மைக் டைசன் வீழ்த்தினார். ஒவ்வொரு தடவையும் இளமை ஜெயித்தது. யார் பெரியவர் என்பது மட்டும் தெரியவில்லை.

இதே ஹோம்ஸ் 48 சண்டைகளில் தோல்வியின்றி வந்து, மார்சியானோவின் 49-ஐ எட்டிப்பிடிக்க 1985 செப்டம்பர் 21-ந் தேதி மேடையேறினார். மார்சியானோவின் கடைசி வெற்றிக்குச் சரியாக 30 ஆண்டுகள் நிறைந்த நாள்! மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் பாயிண்டுக் கணக்கில் தோற்றார்.

மார்சியானோ மட்டும் அந்த வரிசையில் சிக்கவில்லை. லூயிஸுக்குத் தாம் செய்ததை வேறோர் இளைஞன் தமக்குச் செய்யும்வரை அவர் காத்திருக்கவில்லை. நல்ல பலத்தோடு இருக்கும்போதே மேடையை விட்டு இறங்கினார். வயதான சாம்பியனாக ஓர் இளைய சாம்பியன் எதிரே அவர் நின்றது ஒரே ஒரு தடவைதான். அது சினிமாவுக்காக.

அதனால்தான் அந்த 49 இன்றும் அப்படியே நிற்கிறது. அலியை அவர் ஜெயித்திருப்பாரா என்பது வாதம். ஓய்வுபெறும் நேரம் எது என்று அவர் தெரிந்து வைத்திருந்தார் என்பதில் வாதமே இல்லை.